அம்மா துடைத்த குமிழ்கள்

1

இந்தக் கதை அம்மா தூசி துடைத்ததில் தொடங்கியது. வேறு பெரிய காரணம் ஏதாவது சொல்லலாமென்று பார்த்தேன், கிடைக்கவில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘மின்னலைகளின் ஆழத்தில் ஒரு பாடகி தன் குரலைத் தேடிக்கொண்டு…’ அடித்துவிட்டேன். அக்கா எதையும் தேடவில்லை. சொந்தமாகப் பாட்டெழுதி, கிதார் வாசித்துப் பாடுகிறவள். போன வருடம் ஒரு பழைய சிந்தசைசரை, மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் கருவியை, வாங்கி வந்தாள். நாளை மாலை முதல்முறையாகக் கிதார் இல்லாமல், அதோடு மேடையேறுகிறாள். அவ்வளவுதான்.

2

(நான் இயற்பியல் படித்தவள் என்பதால் ஒரு குறிப்பு: அந்தக் கருவிக்கு நினைவகம் கிடையாது. குமிழ்களைத் திருகித்தான் ஒலியை உண்டாக்க வேண்டும். ஒரு குமிழ் நகர்ந்தாலும் ஒலி போய்விடும். நான் அடித்துவிட்ட வாக்கியத்தை மேலே நீங்கள் படித்துவிட்டீர்கள். ஒலிக்கு அந்த வசதி இல்லை.)

வாரக்கணக்கில் திருகி அக்கா ஓர் ஒலியைப் பிடித்திருந்தாள். தண்ணீர்க் குழாய்க்குள் யாரோ முனகுவதுபோல் இருக்கும். புதுப்பாட்டு முழுக்க அதன்மேல்தான் நின்றது. குமிழ்களைப் படமெடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்திருந்தாள். மயிரிழை வித்தியாசம் படத்தில் தெரியாது.

இன்று காலை அம்மா ஈரத்துணியோடு அந்த அறைக்குள் போனாள்.

3

“யாரும்மா இதைத் தொட்டது?”

“தொடல. துடைச்சேன். அவ்வளவு அழுக்கு!”

“எல்லாத்தையும் திருப்பிட்டியா?”

“திருப்பாம எப்படிடீ அடியில துடைக்கிறது?”

இந்த இடத்தில் அக்கா அழுததாக எழுதினேன். படித்துவிட்டு, “நான் எப்போடீ அழுதேன்?” என்றாள். ஆகவே அழவில்லை. (அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.) கிதாரை உறையோடு கொண்டுவந்து கதவோரம் சாத்தினாள்.

“பழைய பாட்டையே பாடிட்டு வந்துடுறேன். வர்றவங்களுக்கும் அதுதான் வேணும்.”

4

முடிவு அ: அதே ஒலி திரும்பக் கிடைக்கிறது. இதன் நிகழ்தகவு எனக்குத் தெரியும். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

முடிவு ஆ: அக்கா அம்மாவை மேடைக்கு அழைத்துத் துணியைக் கொடுக்கிறாள். துடைக்கத் துடைக்க இசை மாறுகிறது. கைதட்டல்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“நான் வரமாட்டேன்டீ. வேணும்னா நீ போய்த் துடை” என்றாள் அம்மா.

மேடை என்றாலே நான் ஓடிவிடுவேன். முடிவு ஆவையும் அடித்துவிட்டேன்.

5

முடிவு இ எழுத உட்கார்ந்தபோது பக்கத்து அறையில் அம்மாவின் குரல்.

“எப்படித் துடைச்சேன்னு காட்டுறேன், வா. முதல்ல இது. அப்புறம் இந்தக் குண்டுக் குமிழ்…”

ஓர் ஒலி எழுந்தது. முனகல் இல்லை. லாரி ஒன்று தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் இருந்தது.

“இதுதானா அது?”

“இல்ல.”

“அய்யோ.”

“பேசாம இரும்மா. கையை எடுக்காதே.”

அக்கா அதன்மேல் மெதுவாக ஒரு வரி பாடினாள். நிறுத்தினாள். மறுபடி அதே வரி.

கிதார் இன்னும் கதவோரம்தான் இருக்கிறது. நாளை அது போகுமா, நிற்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். எழுந்துபோய்ப் பார்க்கலாம்தான். போனால் அம்மா திரும்பிப் பார்ப்பாள். கை நகர்ந்துவிடும்.