ஜன்னலோரக் குப்பி

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தபோது அவளுக்குக் கழுத்து வலித்தது. தட்டின் குழிகளில் புற்றுநோய்ச் செல்கள் ஒரு குறையுமில்லாமல் பெருகி, ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. மருந்து விட்ட குழிக்கும் விடாத குழிக்கும் வித்தியாசமே இல்லை.

போன வருடம் இதே மருந்துதான் இதே செல்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. அதை நம்பித்தான் மாடியில் வேதியியல் பிரிவில் இருப்பவர் மாதக்கணக்காக உழைத்து, முன்னைவிடச் சுத்தமாக, வெள்ளை வெளேரென்று மறுபடி செய்து கொடுத்திருந்தார். அது இப்போது பச்சைத் தண்ணீராகக் கிடந்தது.

இயக்குநர் கோபப்படவில்லை. "முதல்ல செஞ்சதுல ஏதோ அழுக்கு இருந்திருக்கு, அதுதான் செல்லைக் கொன்னிருக்குன்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா. வெள்ளிக்கிழமையோட மூடிடலாம். தப்பு உங்க பக்கம் இல்லையே" என்றார்.

உண்மையாகவும் இருக்கலாம். எழுதிவிட்டால் அவள் வேறு ஆராய்ச்சிக்குப் போய்விடலாம். ஆனால் வாழ்நாளில் பாதியை இந்த ஒரு மூலக்கூறுக்குக் கொடுத்த மனிதரின் பெயர் அந்த அழுக்கோடு நின்றுவிடும். ஒருவரைப் பற்றி எழுதுமுன் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. முதலில் செய்த மருந்து அடியில் கொஞ்சம் மீந்திருந்த பழைய குப்பியை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

மருந்து காய்ச்சுகிறவர் என்பதால் அவரை எல்லோரும் சமையல்காரர் என்பார்கள். அவர் கைபேசியில் மனைவியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"நான் ரெண்டு பிள்ளையப் பெத்து வளர்த்து காலேஜுக்கே அனுப்பிட்டேன். உங்க மருந்து இன்னும் பாட்டிலை விட்டு வெளிய வரலை."

"வரும், வரும். நீ ஃபோனை வை." அவளைப் பார்த்துத் திரும்பினார். "வாங்க டாக்டரம்மா. ருசி பாத்தாச்சா?"

"உப்பும் இல்லை, காரமும் இல்லை அண்ணே."

அவர் மெல்ல உட்கார்ந்தார். "மூடச் சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க. நான் இன்னும் எழுதலை. பழசு இன்னைக்கும் வேலை செய்யுது, நேத்துகூட விட்டுப் பார்த்தேன். அதான் புரியலை."

குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மஞ்சளா இருக்கே. நான் கரைச்சுக் குடுக்கறப்போ தண்ணி மாதிரி இருந்துது. எங்க வெச்சிருந்தீங்க?"

"போன வருஷம் சோதனைக்கு முந்தி ஃப்ரீஸர் ரிப்பேர் ஆனப்போ ஜன்னலோரமா வெச்சேன். திருப்பி உள்ள வெக்க மறந்துட்டேன்."

"தாள் சுத்தலையா?"

"இல்லைண்ணே. நீங்க சுத்தினதை உரிச்சேன், திருப்பிச் சுத்தலை."

வெளிச்சம் பட்டால் மருந்து கெடும் என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடம். ஒவ்வொரு குப்பிக்கும் அலுமினியத் தாளைச் சுற்றித்தான் அவர் கையை விட்டு அனுப்புவார். மஞ்சளித்ததை எந்த வேதியியலாளரும் கொட்டிவிடுவார். அவர் சிரிக்க ஆரம்பித்தார்; பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"பிள்ளைக்கு வெயில் ஆகாதுன்னு போத்திப் போத்தி வளர்த்தேனே" என்றார். "அதுக்கு வெயில்தான் வேணும்னு இருந்திருக்கு."

புதிய மருந்தைக் கரைத்த குப்பியின் தாளை உரித்து ஜன்னலில் வைத்தார்கள். அடுப்பில் பால் வைத்தவர்போல அவர் அதன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அடுத்தடுத்த நாட்களில் நிறம் ஏறியது. வாகனக் கூரைகளிலும் எதிர்வீட்டுக் கொடித் துணிகளிலும் விழுகிற அதே வெயில்தான். ஒளியில் பிணைப்புகள் உடைந்து வேறாகச் சேரும் என்பது அவள் படித்த பாடமே. ஆனாலும் அங்கே நிற்கையில், வேறு யாரோ வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்ப்பதுபோல இருந்தது. இருவரும் தாழ்ந்த குரலிலேயே பேசிக்கொண்டார்கள்.

மஞ்சளித்ததை முந்தின நாளே செல்களில் விட்டுவைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை அவரைக் கீழே அழைத்துவந்தாள். இத்தனை வருடத்தில் அவர் பொடியைத்தான் பார்த்திருக்கிறார்; செல்லைப் பார்த்ததில்லை.

"நீங்க முதல்ல பாருங்க அண்ணே."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். புற்றுநோய்ச் செல்கள் உருண்டு சுருங்கி, பிடி விட்டு மிதந்துகொண்டிருந்தன. அவள் தட்டை நகர்த்தினாள். அடுத்த குழியிலும் அதே மருந்துதான். ஆனால் அங்கே நோயில்லாத நல்ல செல்கள்; ஒன்றும் சாகவில்லை.

இனி இந்த மஞ்சளுக்குள் இருப்பது எதுவென்று பிரித்தறிய வேண்டும். அப்புறம் எலிகள், அப்புறம் மனிதர்கள். பாதி வழியில் நின்றும் போகலாம். அவள் அதை இப்போது சொல்லவில்லை.

"இந்தச் செல்லெல்லாம் யாரோடதும்மா?" என்றார் தலை நிமிராமல்.

"தெரியாதுண்ணே. ரொம்ப வருஷத்துக்கு முந்தி யாரோ குடுத்துட்டுப் போனது."

அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். வட்டமான அந்த வெளிச்சத்தின் நடுவில் ஒரு செல் இடை சிறுத்து, நூலளவாகி, இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது.