ராஜா தலைக்கு மேல் ஓர் ஓட்டை

கழிசல் தட்டில் கையை விட்டுக் கிளறிக்கொண்டிருந்த அந்தப் பெண்மணியை இன்றைக்கு விடுவதில்லை என்று காசு வியாபாரி லென்ஸ்காரர் முடிவு செய்துவிட்டார். நாலு வருஷமாகப் பார்க்கிறார். எங்கே நாணயக் கண்காட்சி போட்டாலும் கதவு திறந்த அரை மணி நேரத்தில் அந்த அம்மா வந்துவிடுவார். நல்ல காசுகள் இருக்கும் வெல்வெட் தட்டுப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பமாட்டார். நேராகக் கழிசல் தட்டுதான். வளைந்தது, தேய்ந்தது, எந்தப் புண்ணியவானோ சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று பாழாக்கியது என்று எதற்கும் உதவாத காசெல்லாம் அதில்தான் கிடக்கும். எதை எடுத்தாலும் ஒரே விலை. அதிலும் அவர் பொறுக்குவது ஓட்டை போட்ட காசுகளை மட்டும். ஓட்டை விழுந்துவிட்டால் காசு சேர்க்கிறவன் எவனும் அதைத் தொடமாட்டான். அப்படிப்பட்டதை ஒருத்தர் தேடித் தேடி வாங்கினால் மனுஷனுக்கு மண்டை குடையாதா?

லென்ஸ்காரருக்கு மண்டை குடைந்தால் தாங்காது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், கையிலிருந்த ஒரு காசில் ஏன் வருஷத்துக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது என்று குடையப் போய்த்தான் பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகத்தை விட்டு இந்த மேசைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. நாலு வருஷமாக் கேக்கணும் கேக்கணும்னு வாய அடக்கிட்டு இருக்கேன். இந்த ஓட்டைக் காசெல்லாம் எதுக்குங்க உங்களுக்கு?"

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நான் பல் டாக்டர்ங்க. வாரத்துல ஆறு நாளும் ஓட்டையை அடைக்கிறதுதான் வேலை. ஏழாவது நாளாவது அடைக்காத ஓட்டையப் பாத்துட்டு இருக்கலாமேன்னு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லென்ஸ்காரரின் மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காசை பிளாஸ்டிக் உறையில் போட்டு, திறந்த ஓரத்தை மெழுகுவத்திச் சுடரில் ஒரு இழுப்பு இழுத்து, சூட்டோடு விரலால் நசுக்கி ஒட்டுவது அவள் வேலை. ஊரெல்லாம் அதற்கு மிஷின் வந்துவிட்டது. அவளுக்கு மெழுகுவத்திதான். 'நெருப்பு கூடாது' என்று பலகை மாட்டிய தூணுக்கு அடியிலேயே அதைக் கொளுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்காட்சி நடந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கில். இவர்கள் மேசைக்கு நேர் மேலே கூடைப்பந்து வளையம் தொங்கியது.

டாக்டர் சும்மா விளையாட்டுக்குச் சொன்னதோடு நிறுத்தவில்லை. பொறுக்கிய காசுகளை வரிசையாக வைத்துக் காட்டினார். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு ஆள் யோசித்துப் போட்டது என்றார். காசிலிருக்கும் ராஜாவின் தலைக்கு மேலே போட்டால், கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டும்போது ராஜா நேராக நிற்பார். ஒருத்தன் வேண்டுமென்றே ராஜாவின் கழுத்துக்குக் கீழே போட்டிருந்தான், ராஜா தலைகீழாகத் தொங்கட்டும் என்று. இன்னொருத்தன் பாதி போட்டுவிட்டு, மனசு மாறியோ ஆணி மழுங்கியோ விட்டுவிட்டான். "ரெண்டு வருஷ இடைவெளியில, ரெண்டு வேற ஊர்ல ரெண்டு காசு வாங்கினேன். ரெண்டு ஓட்டையிலயும் ஒரே மாதிரி ஒரு மூலை ஒடிஞ்சிருக்கு. ஒரே ஆணி சார்! அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல." லென்ஸ்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. அடப்பாவி, இருபத்தாறு வருஷம் ஓட்டையைக் கண்டதும் காசைத் தூரப் போட்டேனே ஒழிய, ஒரு தடவையாவது அதற்குள் பார்த்தேனா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பார்ப்பது என்றதும் அவர் மனசு ஒரு நிமிஷம் சுருங்கியது. லென்ஸ்காரர் என்ற பெயரே அவர் கண்ணுக்காக வைத்த பெயர். கழுத்துக் கயிற்றில் தொங்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை வலது கண்ணில் வைத்தாரென்றால், எந்த நாணயச்சாலை, எந்த அச்சு, எங்கே சுரண்டல் என்று கடகடவென்று சொல்லிவிடுவார். மேசையில் ஒரு பலகை வைத்திருந்தார்: 'காசு சரியில்லை என்றால் எத்தனை வருஷம் கழித்தும் திருப்பித் தரலாம்.' இந்த நாள்வரை ஒரு காசு திரும்பி வந்ததில்லை. ஆனால் ஆறு மாசமாக அந்த வலது கண்ணில் பனி மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. முதலில் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு விளக்கை மாற்றினார். பிறகு சத்தமில்லாமல் லென்ஸை இடது கண்ணுக்கு மாற்றிக்கொண்டார். கண் டாக்டரிடம் போகப் பயம். போனால், அவ்வளவுதான், முடிந்தது என்று சொல்லிவிட்டால்? கண் போனபின் இந்த மேசைக்குப் பின்னால் உட்கார அவருக்கு என்ன யோக்கியதை? மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

அந்த நினைப்பை உதறத்தான் அவர் கடைசித் தட்டைத் திறந்தார். "ஓட்டையாவே பாத்துட்டு இருக்கீங்களே, ஓட்டையே இல்லாத ஒண்ண இன்னிக்குப் பாருங்க. தானமா வந்த மாடு இல்ல டாக்டர் இது, பல்லப் பிடிச்சுப் பாக்கலாம்."

அது ஒரு பழைய வெள்ளிக்காசு. அந்த வருஷத்தில் கொஞ்சமாகத்தான் அடித்தார்கள். அதிலும் பாதியை உருக்கிவிட்டார்கள். போன கண்காட்சியில், கதவு திறப்பதற்கு முன்னால் வியாபாரிகள் தங்களுக்குள் அவசர அவசரமாகக் கைமாற்றிக்கொள்ளும் அந்த ஒரு மணி நேரத்தில், முன்பின் தெரியாத ஒருத்தனிடம் வாங்கியது. கொடுத்த பணத்துக்கு வீட்டுக் கூரையையே மாற்றியிருக்கலாம் என்று மனைவி அன்றைக்கே சொல்லிக்காட்டிவிட்டாள். ஆனால் வாங்க ஆள் தயாராக இருந்தார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், அந்த வரிசைக் காசுகள் எல்லாவற்றையும் ஒரு அட்டை ஆல்பத்தில் குழி குழியாகப் பதித்து வைத்திருந்தார். ஒரே ஒரு குழி ஒன்பது வருஷமாகக் காலி. மதியத்துக்குள் வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

டாக்டர் காசை ஓரத்தில் பிடித்து விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்தார். இன்னொரு தரம் சாய்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. தன்னை அறியாமல் நாக்கால் தன் கடைவாய்ப் பல்லைத் தடவிக்கொண்டார்.

"சார், இது அடைச்ச பல்லு."

"என்னது?"

"ராஜா தலைக்கு மேல பாருங்க. ஒரு மிளகு அளவுக்கு. நிறம் எல்லாம் அப்படியே சேர்ந்திருக்கு, பிரமாதமான வேலை. ஆனா வெளிச்சம் அந்த இடத்துல மட்டும் வேற மாதிரி திரும்புது. ஓரத்துல வட்டமா மணி மணியாப் புள்ளி இருக்கில்ல, அதுல மூணு கையால செதுக்கினது. யாரோ ஓட்டை போட்டிருக்காங்க, யாரோ அத வெள்ளி வெச்சு அடைச்சிருக்காங்க."

லென்ஸ்காரருக்குச் சுருக்கென்றது. பல் பிடுங்குகிறவர் வந்து எனக்குக் காசு சொல்லித் தருவதா? லென்ஸை எடுத்தார், பழக்க தோஷத்தில் வலது கண்ணுக்கே கொண்டுபோனார். பனி. இடது கண்ணுக்கு மாற்றினார். ராஜா, கிரீடம், அதற்கு மேல் வழவழவென்று வெள்ளி. சரியாகத்தான் இருந்தது. கொஞ்சம் அதிகச் சரியாக இருந்ததோ? எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது, இந்தக் காசை அவர் தட்டியே பார்க்கவில்லை. நூறுக்கும் இருநூறுக்கும் விற்கிற காசென்றால் விரல் நுனியில் நிறுத்திப் பென்சிலால் தட்டி, நல்ல வெள்ளியா என்று காதால் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். இவ்வளவு உசந்த காசை யாராவது தட்டுவார்களா? கீறல் விழுந்தால்? விலை ஏற ஏற இந்தத் தொழிலில் கை பின்வாங்கும். சட்டி பானையைத் தட்டித் தட்டி வாங்கியவன் தங்கத்தை உரசிப் பார்க்காமல் வாங்கிய கதையாகிவிட்டது.

தட்டிலிருந்து ஒரு சாதாரண வெள்ளிக்காசை எடுத்து விரல் நுனியில் நிறுத்தி, பென்சிலால் தட்டினார். ணிங் என்று நீளமாக இழுத்தது. பிறகு அந்தக் காசை நிறுத்தினார். தட்டினார்.

டொக்.

உறை ஒட்டிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை. இருபத்தாறு வருஷம் அந்தச் சத்தத்தைப் பக்கத்திலிருந்து கேட்டவளுக்கு எதற்குத் தலையைத் தூக்க வேண்டும்?

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல சார்," என்றார் டாக்டர் மெதுவாக. "உங்க வாய், உங்க பல்லு."

அவர் நகர்வதற்குள் கார்டு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, குழந்தையைத் தூக்கி வருவது போல் மார்போடு அணைத்துப் பிடித்த ஆல்பம். வணக்கம்கூடச் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலிக் குழி இருந்த பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். "காலையில இருந்து ஒரு வேலையும் ஓடலைங்க. வீட்டுல, கல்யாண மாப்பிள்ளை கிளம்பிட்டாருன்னு கிண்டல் பண்றாங்க."

லென்ஸ்காரர் காசைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொடுத்துவிடலாம். கார்டுக்குத் தன்னைவிடக் கண் மோசம், சோடாபுட்டிக் கண்ணாடி. குழியில் வைத்து மூடினால் சாகிறவரைக்கும் தெரியாது. அந்தப் பலகை சும்மா இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இந்த ஒரு காசை மூடி மறைத்தால் கண்ணையும் சேர்த்து மறைக்க வேண்டும். அப்புறம் அடுத்த காசு, அதற்கு அடுத்த காசு. இனி வாங்குகிற ஒவ்வொன்றையும் இப்படிச் சந்தேகப்பட்டுக்கொண்டே விற்க வேண்டும் என்று நினைத்தபோதுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

காசை விரல் நுனியில் நிறுத்தினார். "கார்டு சார், கண்ணால பாக்காதீங்க. கேளுங்க." தட்டினார்.

கார்டின் முகம் மாறியது. முப்பத்து நாலு வருஷம், வண்டி நின்ற இடத்திலெல்லாம் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிப் போகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. "இது விரிசல் விட்ட சக்கரமாச்சே," என்றார்.

"ஓட்டை இருந்து அடைச்சது. எனக்கே இப்பதான் தெரியும். இந்த டாக்டர்தான் கண்டுபிடிச்சாங்க."

கார்டு டாக்டரைப் பார்த்தார், காசைப் பார்த்தார், பிறகு காலிக் குழியைப் பார்த்தார். ஏமாற்றத்தில் அவர் உதடு குழந்தை மாதிரி பிதுங்கியது. கோபம் இல்லை, நிஜமாகவே ஆச்சரியமாகத்தான் கேட்டார்: "உங்க கண்ணுக்கு எப்படிங்க தப்பிச்சது?"

இதுதான் கேள்வி. ஆறு மாசமாக ஓடி ஒளிந்துகொண்டிருந்த கேள்வி, மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

"கண்ணு சரியில்லைங்க. வலது கண்ணு. ஆறு மாசமாச்சு."

மனைவி கையிலிருந்த உறையைக் கீழே வைத்தாள். "ஆறு மாசம்," என்றாள். "ஆறு மாசம் பக்கத்துல உக்காந்திருக்கேன். வர்றவங்க போறவங்ககிட்ட சொல்லத் தோணுது, எங்கிட்ட சொல்லத் தோணல."

"பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான் இப்ப பயமா இருக்கு. நல்லா இருக்கா?"

அடுத்த மேசைக்காரர் கூட்டத்தில் யாரையோ தேடுவது போல் பாவனை செய்தார். அவள் இடுக்கியை எடுத்து அவர் கையிலிருந்த காசைப் பிடுங்கி, நேராக மெழுகுவத்திச் சுடருக்கு மேலே பிடித்தாள்.

"ஐயையோ! என்ன பண்றே நீ!" காசை நெருப்பில் காட்டுவதை இருபத்தாறு வருஷத்தில் அவர் பார்த்ததில்லை, வேறு எவன் செய்திருந்தாலும் கையை முறித்திருப்பார்.

"இதுக்கு மேல கெட என்ன இருக்கு?"

ராஜா புகையில் கறுத்துக்கொண்டே வந்தார். கார்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பற்றவைத்த ஈயம் இளகி, மிளகளவு வெள்ளித்துண்டு டிக் என்று மேசையில் விழுந்து உருண்டது. ராஜாவின் தலைக்கு மேலே சின்னதாய், ஒழுங்காய், நாலு மூலையோடு ஒரு ஓட்டை.

டாக்டர் தாங்கமாட்டாமல் எட்டிப் பார்த்தார். "சதுர ஆணி! ராஜாவ நேரா நிக்க வெச்சிருக்கான் பாருங்க, மரியாதை தெரிஞ்ச ஆளு." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சார், எனக்குப் பல்லுதான் தெரியும். ஆனா கண் டாக்டர்கிட்ட ஓட்டை போட்ட ஒரு கறுப்பு அட்டை இருக்கும். அந்த ஓட்டை வழியாப் பாத்துத் தெளிவாத் தெரிஞ்சா, கண்ணு அடியோட போயிடலேன்னு சொல்லுவாங்க. நிச்சயமா அவர்கிட்ட போகணும். ஆனா..."

எல்லோரும் காசைப் பார்த்தார்கள்.

மனைவி அதைத் துணியில் உருட்டி உருட்டி ஆறவைத்தாள். கரியைத் துடைத்து லென்ஸ்காரர் கையில் வைத்தாள். "அந்தக் கண்ணுல வெச்சுப் பாருங்க. இன்னொண்ண மூடுங்க. ஏமாத்தக் கூடாது."

இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். உலகம் பனிக்குள் போனது. காசு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதைக் கொண்டுபோய் வலது கண்ணோடு ஒட்டிப் பிடித்தார். முதலில் வெறும் இருட்டு. காசைக் கொஞ்சம் நகர்த்தினார். மிளகளவு வெளிச்சம் வந்து நின்றது.

"எத்தனை விரல்?" என்று மனைவி கையை நீட்டியிருந்தாள்.

மூன்று விரல். துல்லியமாக, ஓரம் வெட்டினாற்போல் மூன்று. அதோடு விரல் நுனிகளும் தெரிந்தன. ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிப்போன இடத்தில் சின்னச் சின்னதாய் வெள்ளைத் தழும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாய், சில பழசு, ஒன்று இன்றைக்குக் காலையில் பட்டது போல் சிவப்பாக. மெழுகுச் சூடு. அவர் அவற்றை இதுவரை பார்த்ததே இல்லை.

"எத்தனைன்னு கேக்கறேன்ல?" என்றாள் அவள். "தெரியுதா, இல்லையா?"

"கைய எடுக்காத," என்றார் லென்ஸ்காரர். "அப்படியே வெச்சிரு. இன்னும் பாத்து முடிக்கல."