உசுகுரா கணவாயில் பதினொரு வண்டி

மாலை நாலு ஐம்பதுக்கு நகுமோ சயோ பதினொன்றாவது முறையாக வண்டி எண்ணும் கருவியின் பொத்தானை அழுத்தினாள். உசுகுரா கணவாயின் உச்சியில், சரியும் பனி சாலையில் விழாமல் இருப்பதற்காகக் கட்டிய நீண்ட கான்கிரீட் கூரைக்கு அடியில், நகராட்சிக் காரில் அவள் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். பதினொன்றாவதாக வந்தது ஒரு சாம்பல் நிற வேன். உள்ளே ஏழு தலைகள். முன்சீட்டில் இருந்தவர் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்தார். வேன் அவளைக் கடந்தபோது ஏழு தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்து நிமிர்ந்தன. சயோவும் பதிலுக்குக் குனிந்தாள். பிறகு படிவத்தில் ‘சிறிய வண்டி’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு, கருவியில் இருந்த எண்ணையும் கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. இன்னொரு முறை பார்த்தாள்.

சாலைப் பிரிவில் அவளுக்கு இது மூன்றாவது வருடம். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பாள். அப்புறம், இரண்டாவது முறை ஒழுங்காகப் பார்த்தோமா என்று சந்தேகப்படுவாள். ஜனவரியில் மூன்று நாள் எண்ணினாள்: பதினொன்று, பத்து, பன்னிரண்டு. சராசரி பதினொன்று. குறிப்பு என்ற இடத்தில் ‘ஒவ்வொரு வண்டியிலும் ஆட்கள் அதிகம்’ என்று எழுதியிருந்தாள். பிரிவுத் தலைவர் ஹசெபே அதைப் படித்துவிட்டு மெல்லிய கோடு போட்டு அடித்தார். “படிவத்துல ஆளுக்குக் கட்டம் இல்லம்மா. வண்டியைத்தான் கேக்குறாங்க.”

அந்தப் பதினொன்று அறிக்கைக்குள் போனது. அடுத்த குளிர்காலம் முதல், டிசம்பரிலிருந்து மார்ச் கடைசிவரை கணவாய்ச் சாலையை மூடிவிடலாம் என்பது அறிக்கையின் முடிவு. நகராட்சிக்கு வருடத்துக்கு இரண்டரை கோடி யென் மிச்சம். கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் கிரிசாவாவின் பத்தொன்பது வீட்டாருக்கும் அந்த நாலு மாதத்துக்கு டவுனில் வாடகை இல்லாத குடியிருப்பு. யாரையும் தெருவில் விடவில்லை என்று ஹசெபே இரண்டு முறை சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு முறை சொன்னதிலேயே அது தெரிந்தது.

பிப்ரவரி முதல் வாரத்தில் விளக்கக் கூட்டத்துக்காக இருவரும் கிரிசாவாவுக்குப் போனார்கள். ஊர்க் கூடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்த் தலைவி ஒனோசுகா தொமியே, குளிர்காலத்தில் கொட்டகையில் காளான் வளர்ப்பவர், வந்தவர்களுக்குத் தானே தேநீர் ஊற்றினார்.

“உக்காருங்க சார். ரோட்டை மூட வந்தவங்களுக்கும் இங்க டீ உண்டு. முள்ளங்கி ஊறுகாய் எடுத்துக்கங்க.”

ஹசெபே அறிக்கையை விரித்தார். அதற்குள் கெங்கோ ஆரம்பித்துவிட்டார். இதே கணவாயில் இருபத்தியிரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர் அவர். “பஸ்ஸை நிறுத்தினப்பவும் இதே மாதிரி ஒரு பேப்பரத்தான் காமிச்சாங்க. அன்னைக்கு வந்த சாருக்குத் தலையில முடி இருந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஹசெபேயும் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். ஆனால் அவர் எண்களைப் படிக்க ஆரம்பித்ததும் கூடம் அடங்கிப்போனது. பதினொன்று என்றபோது யாரும் மறுக்கவில்லை. தப்பாக எண்ணிவிட்டாய் என்று ஒருவராவது சொல்லுவார் என்று சயோ எதிர்பார்த்திருந்தாள். சொன்னால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளானுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும், டவுனில் இருந்துகொண்டு எப்படித் தெளிப்பது என்று தொமியே கேட்கவில்லை. பதினோரு மாடு வைத்திருப்பவர், பாலை யார் கறப்பது என்று கேட்கவில்லை.

அப்போதுதான் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை அவள் கண்ணில் பட்டது. மேலே கிழமைகள், கீழே வீட்டுப் பெயர்கள், சில பெயர்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வாரத்தில் ஒரு நாளைக்கு ஐந்து வட்டம்தான். எந்த நாளிலும் ஆறு இல்லை. ஐந்து வண்டி போனால் ஐந்து வண்டி திரும்பி வரும், அதோடு வெளியூர் வண்டி ஒன்றிரண்டு. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. சயோ சுவரைக் காட்டினாள்.

“இது என்னங்க?”

தொமியே, நிரம்பியே இருந்த கோப்பையில் இன்னும் தேநீர் ஊற்றப் போனார்.

“சொல்லிடலாம் அக்கா,” என்றார் கெங்கோ. “நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன். என் வாயைப் பத்தி உனக்குத் தெரியும்.”

பிறகு அவர்தான் சொன்னார். கணவாயில் பனி வெட்டுபவர் குவபாரா தெத்சுஜி. முன்பு இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினார்கள். நாலு வருடத்துக்கு முன் கூட இருந்தவர் இடுப்புவலி என்று விலகினார். ஒப்பந்தக்காரருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. பனிக்காலத்தில் அந்தச் சாலை ஒரு வண்டி அகலம்தான். பனிவெட்டி இயந்திரம் ஒதுங்கி நிற்க மொத்தமே இரண்டு இடம். எதிரே ஒரு கார் வந்தால் தெத்சுஜி அந்தப் பெரிய இயந்திரத்தைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய் வழிவிட வேண்டும்.

“அந்த வருஷம் ஒரு நாள் முப்பது வண்டி போயிடுச்சு,” என்று தொமியே தொடர்ந்தார். “நான்தான் கடைசி. இருட்டப் போற நேரம். மத்தியானச் சோத்த அப்பத்தான் நின்னுக்கிட்டே தின்னுட்டிருந்தான். என்னைப் பாத்ததும் டப்பாவ முதுகுக்குப் பின்னால மறைச்சிட்டு, ‘லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க’ன்னு தலைய குனியறான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு? அன்னைக்கே இங்க கூடினோம். ஒரு நாளைக்கு அஞ்சு வண்டி, அதுக்கு மேல கூடாது, மத்தவங்க அதுலயே ஏறிக்கணும். அவசரம்னா மட்டும் விதிவிலக்கு.”

“எங்க வீட்டுல பல்லு வலிச்சாலும் செவ்வாய்க்கிழமைதான் வலிக்கணும்,” என்றார் கெங்கோ.

“அவருக்கு இது தெரியுமா?” என்று கேட்டாள் சயோ.

“தெரிஞ்சா வெக்கத்துலயே செத்துடுவான். நீயும் எழுதிடாத பொண்ணு, அவன்கிட்டயும் சொல்லிடாத. ஒருத்தனுக்கு ஒத்தாசை பண்ணிட்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்ச மாதிரி ஆயிடும். அதுக்கு ரோட்டையே மூடிடலாம்,” என்றார் தொமியே.

நாலு குளிர்காலம், பத்தொன்பது வீடு, ஒருவர் வாயிலிருந்துகூட இது வெளியே வரவில்லை. தன் அலுவலகத்தில் ஒரு பிறந்தநாள் விருந்தை மூன்று நாள் ரகசியமாக வைக்க முடிந்ததில்லை என்று சயோ நினைத்துக்கொண்டாள்.

ஹசெபே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமானது. “நகராட்சி மன்றத்துல இந்த அட்டவணைய நான் காட்ட முடியாது, நீங்களும் காட்ட விடமாட்டீங்க. இருபத்திரெண்டாம் தேதி மன்றம் கூடுது. பதினெட்டு, வியாழக்கிழமை, நகுமோ இன்னொரு தடவை எண்ணட்டும். அன்னைக்கு ஒரு நாள் இந்த வட்டத்த எல்லாம் மறந்துடுங்க. வேலை இருக்கிறவங்க அவங்கவங்க வண்டியில போங்க. வேலை இல்லாதவங்க போகக் கூடாது. அதையும் சொல்லிடறேன்.”

பதினெட்டாம் தேதி காலையில் முழங்காலுக்கு மேல் புதுப்பனி கிடந்தது. விடிகாலையில் தெத்சுஜி ஒரு முறை வெட்டியதெல்லாம் மறுபடி மூடிவிட்டது. நகராட்சிக் கார் ஏறாது என்பதால், ஏழு மணிக்கு அவருடைய பனிவெட்டியிலேயே சயோ ஏறிக்கொண்டாள். நாற்பது வயதுக்காரர், ஒடிசலான உடம்பு. இவ்வளவு பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறவர் பருமனாக இருப்பார் என்று அவள் ஏனோ நினைத்திருந்தாள். முன்னால் சுழலும் இரும்புத் திருகு பனியை உள்ளிழுத்து, மேலே நீண்ட குழாய் வழியாகப் பள்ளத்தாக்கின் பக்கம் வில்லாக வீசியது. சாலையின் விளிம்பு எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. அவரோ வளைவுக்கு வளைவு, புதைந்து கிடந்த தடுப்புக் கம்பிக்கு ஒரு சாண் தள்ளியே திருகை நகர்த்தினார். ஒரு இடத்தில்கூட இரும்பு இரும்பில் உரசவில்லை.

ஆறாவது வளைவில் வண்டியை மெதுவாக்கி, வீசும் குழாயை மலைப்பக்கம் திருப்பினார். அங்கே சரிவு செங்குத்து. வீசிய பனியில் பாதி உருண்டு திரும்ப வந்தது. அதை மறுபடி வெட்டினார்.

“எதுக்குண்ணே இந்தப் பக்கம்?”

“கீழ ஓடை இருக்கு. மலையச் சுத்திப் போய்க் கிரிசாவாக்காரங்க குடிக்கிற தண்ணி அதுதான். ரோட்டுல உப்பு போடறோம்ல, அந்தப் பனிய அதுல கொட்டக் கூடாது.”

“யாராவது சொன்னாங்களா?”

“யாரு சொல்லணும்? இருபது நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.”

அவள் குறிப்பேட்டை எடுத்தாள். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்தாள்.

அடுத்த வளைவில் அவரே பேசினார். “உங்க சார் போன மாசம் என்னைக் கேட்டாரு, மூடலாமான்னு. மூடிடுங்கன்னுட்டேன். யாரும் வராத ரோட்டைத் தினமும் வெட்டுறதுக்கு, பொம்மைக்குச் சோறு ஊட்டலாம்.” சிரிக்கப் பார்த்தார்; சரியாக வரவில்லை. “முன்னல்லாம் வண்டி வண்டியா வருவாங்க. வழி விட்டா ஹாரன் அடிச்சிட்டுப் போவாங்க. அப்புறம் திடீர்னு நின்னுபோச்சு. ஒரு நாள் ரொம்ப லேட்டாக்கிட்டேன், அதுல கோவம் போலன்னு நினைச்சேன். போய்க் கேக்கவும் கூச்சம். இந்த வருஷத்தோட நானும் விட்டுடலாம்னு இருக்கேன்மா. மச்சான் சென்டாயில மரக்கடை வச்சிருக்கான், வரச்சொல்றான்.”

எழுத மாட்டேன், இவரிடம் சொல்லவும் மாட்டேன் என்று தொமியேவிடம் சயோ வாக்குக் கொடுத்திருந்தாள். ஒரு பக்கம் இவருக்குச் சிரமம் கூடாதென்று ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறது. இங்கே இவர், தன்னை யாருக்கும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் குடிக்கும் தண்ணீரைக் காப்பாற்றுகிறார். இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் தான் ஒருத்திதான். தன்னிடம் இருந்ததோ ஒரு எண்.

ஒன்பதரை மணிக்கு அவளைக் கூரைக்கடியில் இறக்கிவிட்டுத் தெத்சுஜி கிரிசாவா பக்கம் வெட்டிக்கொண்டு இறங்கினார். பத்து மணிவரை ஒரு வண்டியும் வரவில்லை. பத்தேகாலுக்கும் இல்லை. பனி பெய்துகொண்டே இருந்தது. அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கையுறையைப் பல்லால் கழற்றி, தொமியேவுக்கு போன் செய்தாள்.

“இந்தப் பனியில எப்படிம்மா?” என்றது தொமியேவின் குரல். பின்னால் கூடத்தின் இரைச்சல் கேட்டது. “எல்லாரும் கிளம்பித்தான் இருந்தோம். ஆனா தெத்சுஜி தனி ஆளா அல்லாடறப்ப, பத்தொன்பது வண்டி எதிர்ல போய் நிக்கிறதா? மூடினா மூடட்டும்.”

சயோவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. பெரியவர்களிடம் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. “அக்கா, அவர் என்ன நினைக்கிறார் தெரியுமா? உங்களுக்கெல்லாம் அவர் மேல கோவம்னு நினைக்கிறார். அன்னைக்கு லேட்டானதால ஊரே அவர் ரோட்டுல வர்றதில்லன்னு நினைக்கிறார். நாலு வருஷமா! வேலைய விட்டுட்டு சென்டாய்க்குப் போகப் போறார்.”

மறுமுனையில் இரைச்சல் நின்றது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. யாரோ அடுப்பை அணைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் போன் துண்டிக்கப்பட்டது.

செய்தது சரியா என்று அவள் யோசித்தாள். கொடுத்த வாக்கை வார்த்தை வார்த்தையாக நினைவுபடுத்திப் பார்த்தாள். அவரிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னாள். அவரைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை. இது ஒரு சமாதானம்தான் என்றும் தோன்றியது.

பன்னிரண்டு மணிக்குக் கீழே எஞ்சின் சத்தம் கேட்டது. முதலில் தெரிந்தது பனிவெட்டியின் சுழலும் மஞ்சள் விளக்கு. வளைவு திரும்பியதும் அதற்குப் பின்னால் ஒரு ஜோடி விளக்கு, அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. வளைவுக்குள் மறைந்து மேலும் வந்துகொண்டே இருந்தன. எதிரே போனால் அவர் பின்வாங்க வேண்டியிருக்கும் என்று, அவர் ஊர்வரை வந்து திரும்பும்வரை காத்திருந்து, அவருடைய முதுகுக்குப் பின்னாலேயே வரிசையாக ஏறி வந்திருக்கிறார்கள்.

தெத்சுஜி கூரைக்கு வெளியே அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, கீழே குதித்தார். “என்னம்மா இது, கீழ ஏதாவது திருவிழாவா?”

“தெரியலண்ணே,” என்றாள் சயோ. கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தாள்.

முதல் கார் நின்று கண்ணாடி இறங்கியது. கெங்கோ. “இந்தா பொண்ணு, எனக்கு டவுன்ல ஒரு வேலையும் இல்ல. உங்க சார் சொன்னாருல்ல, என்னைய எண்ணாத.”

பின்னாலிருந்து தொமியேவின் குரல் வந்தது. “பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லித் தொலையேன்யா!”

“வாயில இருக்கிறதே கட்டுன பல்லு!”

“அதைக் கழுவக் கொண்டுபோறேன்னு சொல்லு!”

கெங்கோ தெத்சுஜியைப் பார்த்து ஒரு முறை, சுருக்கமாக, ஹாரன் அடித்தார். பிறகு நகர்ந்தார். அடுத்த வண்டியும் அடித்தது. பால் கேன் ஏற்றிய சின்ன லாரி, காளான் பெட்டிகளோடு தொமியேவின் வேன், ஒரு வண்டிக்கு ஒரே ஒரு ஆள். தெத்சுஜி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வண்டிக்கும் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்ந்தார். அவர் தலைமயிரில் பனி ஏறிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் இருந்தவர்களும் ஸ்டீயரிங்மேல் நெற்றி படக் குனிந்தார்கள்.

பதினேழு வண்டி. கெங்கோவைச் சேர்த்தா சேர்க்காமலா என்று சயோவுக்கு உடனே சந்தேகம் வந்தது. கேட்க ஆள் இல்லை. கடைசி வண்டியின் சிவப்பு விளக்கு டவுன் பக்கம் இறங்கி மறைந்தது. சாலையில் சக்கரத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றின்மேல் புதுப்பனி, தூவினாற்போல் படியத் தொடங்கியிருந்தது.

தெத்சுஜி அந்தத் தடங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தைத் தொப்பியால் துடைத்து, அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஏணியில் கால் வைத்தார்.

“சாப்பிடலையாண்ணே? மணி பன்னிரண்டரை ஆச்சு.”

“திரும்பி வருவாங்கல்ல,” என்றார் அவர்.

திருகு சுழல ஆரம்பித்தது. மஞ்சள் விளக்கு வெள்ளையில் மங்கி மங்கித் தெரிந்தபடி, பதினேழு வண்டி போன வழியில் மெதுவாக இறங்கிப் போனது. குழாயிலிருந்து எழும்பிய பனி வில், காற்றில் ஒரு கணம் நின்று, பள்ளத்தாக்குக்குள் விழுந்துகொண்டிருந்தது.