இடது இமையின் மை

சென்ற முறை பெண் பார்க்க வந்தவர்கள் முறுக்கும் காப்பியும் முடித்து, சிரித்த முகத்தோடு பஸ் ஏறினார்கள். மூன்றாம் நாள், 'பொண்ணுக்கு ஒரு கண்ணு தூங்குது' என்று சொல்லியனுப்பினார்கள். அந்த ஒரு சொல் சங்கரம்மாளின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. நாத்தனார் பாலம்மாளுக்கு இடது இமை பிறவியிலேயே சற்று இறங்கியிருக்கும். இன்று கழுகுமலையிலிருந்து வருகிறவர்களும் அதையே சொல்லிவிட்டால், இருபத்தாறு வயதானவளை இனி யார் தேடி வருவார்கள்?

"நேராப் பாருட்டி. சிமிட்டாத."

"வேர்க்குது மதினி. கொஞ்சம் வீசுங்க."

"மாப்பிள்ளை வந்து வீசுவாரு. இப்ப அசையாத."

தீப்பெட்டி ஆபீஸிலிருந்து எடுத்து வந்த, மருந்து முக்காத குச்சியின் முனையால் சங்கரம்மாள் மையைத் தொட்டாள். கல்யாண வீடுகளில் அவள் கைக்குத் தனிப்பெயர் உண்டு. உருண்டைக் கண்ணுக்கு வால் நீட்டுவாள். சின்னக் கண்ணென்றால் கீழிமையைத் தொடவே மாட்டாள். பாலம்மாளுக்கு இடது மேலிமையில் தடித்த கோடும் வலதில் மயிரிழைக் கோடும் எழுதினாள். விலகி நின்று பார்த்தாள். இரண்டு கண்களும் ஒன்றுபோல் இருந்தன.

கழுகுமலைக்காரர்கள் நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையும் மற்ற ஆண்களும் காப்பியோடு வாசலில் அமர, மாப்பிள்ளையின் தாய் மீனாட்சியம்மாள் உள்ளே பாயில் உட்கார்ந்தாள். பாலம்மாள் காப்பித் தட்டோடு வந்து, அவளுக்குத் தம்ளரைக் கொடுத்துவிட்டு, வழக்கப்படி தலையைக் குனிந்து நின்றாள்.

சங்கரம்மாள் அப்போதுதான் கவனித்தாள். நிமிர்ந்திருந்தவரை, இறங்கிய இமை மடிந்து தடித்த கோட்டைத் தனக்குள் விழுங்கியிருந்தது. குனிந்ததும் இமை விரிந்து, ஒன்று தடிப்பாகவும் ஒன்று மெலிதாகவும், உள்ள வித்தியாசமெல்லாம் பட்டவர்த்தனமாகக் கிடந்தது. இதுவரை அவள் மை எழுதியதெல்லாம் மணமேடைக்கு. அங்கே போட்டோக்காரர் நிமிரச் சொல்வார். இங்கே குனிவதுதான் மரியாதை என்பது அவள் நினைவுக்கே வரவில்லை.

"ஏட்டி, நிமிந்து பாரு," என்றாள்.

பக்கத்தில் நின்ற அவள் மாமியார், பாலம்மாளின் தாய் உச்சிமாகாளி, திரும்பி முறைத்தாள். "மூளை கெட்டுப் போச்சா ஒனக்கு?"

பாலம்மாள் திகைத்து நிமிர்ந்தாள். கண்கள் மறுபடி ஒன்றாயின. ஆனால் மீனாட்சியம்மாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒரு கண்ணுக்கு மட்டும் ஏன் இம்புட்டு மை?"

மாமியாரின் முகத்தைப் பார்க்கச் சங்கரம்மாளுக்குத் துணிவில்லை.

"நாந்தான் எழுதுனேன். ஒரு இமை கொஞ்சம் எறக்கம். மறைக்கணும்னுதான் செஞ்சேன்."

"பார்வை?"

"பார்வையெல்லாம் நல்லாத் தெரியும்," என்றாள் பாலம்மாள். "வாசல்ல உக்காந்து உங்க மகன் காப்பிய ஊதுதாரு, குடிக்கல. அதும் தெரியுது."

மீனாட்சியம்மாளின் உதடு அசைந்தது. அது சிரிப்பா என்று சங்கரம்மாளால் அறிய முடியவில்லை.

"மொகத்தக் கழுவிட்டு வா தாயீ. உள்ளபடி பாக்கேன்."

கொல்லையில் சங்கரம்மாள் செம்பைச் சாய்த்து நீர் ஊற்றினாள். மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. முந்தானையால் ஒற்றி எடுத்தாள். இறங்கிய இமை இறங்கியபடியே இருந்தது.

ஈர முகத்தோடு பாலம்மாள் நிலைப்படியில் போய் நின்றாள், இம்முறை குனியவில்லை. மீனாட்சியம்மாள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு பாயில் சற்று ஒதுங்கி, பக்கத்து இடத்தை உள்ளங்கையால் தட்டினாள்.

"இங்கன வந்து உக்காரு."