அப்பா உட்கார்ந்த நாற்காலி

அந்த ஒற்றை அறை வீட்டில் உட்கார மூன்றே இடம். மூன்றுக்கும் வேலை உண்டு. மர நாற்காலியில் உட்கார்ந்தால் சிறுவர் அறிவியல் புத்தகத்துக்குப் படம் வரைய வேண்டும். சுழல் நாற்காலி, சோப்பு கம்பெனியின் அட்டைப்பெட்டிக்கு. முக்காலி, மருத்துவமனைச் சுவரோவியத்துக்கு. வேலையை மாற்ற வேண்டுமானால் எழுந்து இடம் மாற வேண்டும். முப்பத்தாறு வயதில், கவனம் ஒன்றில் நிற்காமல் தாவுகிற தன் குறைக்கு டாக்டர் ஏ.டி.ஹெச்.டி. என்று பெயர் சொன்ன பிறகு, ஓவியக்காரி தானே கண்டுபிடித்த வைத்தியம் இது. பார்ப்பவர்களுக்குக் கிறுக்குத்தனம், அவளுக்கோ சோறு போடுகிற ஏற்பாடு.

அன்று சாயங்காலத்துக்குள் புத்தகப் படங்கள் போயாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தவணை தப்பியிருந்தது. "இன்னிக்கும் வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்மா" என்று பதிப்பாசிரியர் தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் அவளைப் பயமுறுத்தியது.

அந்த நாள் பார்த்து அப்பா வந்து இறங்கினார். சின்ன வயதில் அவளுக்கு 'அரைகுறை' என்று பெயர் வைத்த புண்ணியவான். கட்டில் முழுக்க ஈர ஓவியங்கள் காய்ந்துகொண்டிருந்தன. தரையில் உட்கார்ந்தால் அவரைத் தூக்கிவிட ஆள் வேண்டும், அப்படி ஒரு முட்டிவலி. சொல்லிவைத்தாற்போல மர நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

எழுந்திருங்கள் என்று பெற்றவரிடம் எப்படிச் சொல்வது? சுழல் நாற்காலியில் உட்கார்ந்து திமிங்கலம் வரையப் பார்த்தாள்; கை சோப்பு நுரையைப் போட்டது. முக்காலிக்குப் போனாள், சுவரோவியத்தின் பட்டாம்பூச்சிக்கு நிறம் தேட ஆரம்பித்துவிட்டாள். டீ போடப் போனவள் அடுப்பைப் பற்றவைக்காமலே திரும்பி வந்தாள்.

"என்ன, இருப்புக்கொள்ளாம அலையுற?" என்றார் அப்பா.

"நீங்க உக்காந்திருக்கறது புத்தக நாற்காலிப்பா. அதுல உக்காந்தாதான் எனக்கு அந்த வேலை ஓடும். சிரிக்காதீங்க."

அப்பா சிரிக்கவில்லை. "மத்தது?"

"அதுலயும் வேலை இருக்கு."

அவர் எழுந்துகொண்டார்.

அதற்கப்புறம் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. திமிங்கலம் வந்தது, எரிமலை வந்தது, வெயில் சன்னலை விட்டு இறங்கிப் போனது. கடைசிப் படத்தையும் அனுப்பி, கிடைத்தது என்று பதில் வந்த பிறகுதான் நிமிர்ந்தாள். அப்போதுதான் வீட்டில் அப்பா இருப்பதே ஞாபகம் வந்தது. வேலை பிடித்துக்கொண்டால் பெற்ற தகப்பனும் மறந்துபோவார். ஏ.டி.ஹெச்.டி.க்கு அந்தக் குணமும் உண்டு.

அப்பா சன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். பேப்பர் கக்கத்தில், ஒரு கை சுவரில், பாரம் முழுக்க நல்ல காலில்.

"இவ்வளவு நேரமும் நின்னுக்கிட்டேவா இருந்தீங்க?"

"எதுல உக்காந்தா எந்த வேலை கெடும்னு எனக்கென்ன தெரியும்? கேட்டா உன் கவனம் கலைஞ்சிரும்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மர நாற்காலியை இழுத்துப்போய் அவரை உட்கார வைத்து, கீழே அமர்ந்து அவர் முட்டியைப் பிடித்துவிட்டாள்.

"இதுல உக்காரலாமா? வேலை முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுப்பா."

"முழுசாவா?"

"முழுசா."

அப்பா அவள் தலையில் கை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.