ஒரே ஒரு குவளைதான்

1.

இந்தக் கதை ஒரு காலி மூட்டையிலிருந்து பிறந்தது. ஓட்ஸ் மூட்டை. எங்கள் லாயத்தின் சினைக் குதிரைக்காக வாங்கியது. மூன்று வாரம் வந்திருக்க வேண்டும். எட்டாம் நாளே கையை விட்டால் தூசிதான் வந்தது. அன்று காலைதான் ஹெட்டியின் தோள் எலும்பு முறிந்திருந்தது. மூட்டையை ஓர் உதை உதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். கோபத்தோடு எழுதக் கூடாது என்கிறவர்கள் வந்து ஒரு வாரம் சாணி அள்ளிப் பார்க்கட்டும்.

முதல் வரி இப்படி ஆரம்பித்தது: 'வட இங்கிலாந்தின் நார்த்தம்பர்லாந்து மலைச்சரிவில் வெண்பனி மெல்லப் பொழிந்து —'

பொய். பனியே இல்லை. கணுக்கால் புதைகிற சகதி. [அடித்ததை விட்டுவைக்கிறேன். எங்கெல்லாம் பூசி மெழுகப் பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.]

2.

குதிரையின் பெயர் கெட்டில். பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட செம்பழுப்பு ஆண். எந்நேரமும் கொதித்துக்கொண்டே இருப்பதால் நாங்கள் வைத்த பெயர். கதவு அடித்தால் கொதி, காக்கை பறந்தால் கொதி. நவம்பரில் வந்தபோது விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். வாங்கியவள் ஹெட்டி, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பத்தாறு வயதில் அவளுடைய முதல் குதிரை.

டாக்டரம்மா பல், வயிறு, பூச்சி எல்லாம் பார்த்தார்.

"வியாதி ஒண்ணும் இல்ல. கவலைப்பட்டே இளைக்கிறான். சதை ஏறணும், சூடு ஏறக் கூடாது. தானியம் போட்டீங்க, உடம்புல ஒட்டுறதுக்கு முன்னாடி தலைக்கு ஏறிடும்."

"அப்படியும் தேறலைன்னா?" என்றாள் ஹெட்டி.

"ஏப்ரல்ல வரேன். அப்பவும் எலும்பும் வெறியுமா நின்னான்னா ஊசி போட்டு முடிச்சுட வேண்டியதுதான்மா. இவனை வாங்க ஆள் கிடையாது. வெச்சிருந்தா உன்னையே கொன்னுடுவான்."

ஆக, தினமும் காய்ந்த புல் முன்னால் தீரக் கூடாது. இனிப்பு நீக்கிய பீட் கிழங்குச் சக்கையை ஊறவைத்துப் போட வேண்டும். ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பகலெல்லாம் ஒரு கிழட்டுக் குட்டைக்குதிரையோடு வெளியே மேய்ச்சல். ஓட்ஸ் ஒரு மணிகூட ஆகாது. இங்கே தீவனத்துக்குப் பொறுப்பு நான்தான். தீவன அறையின் வெள்ளைப் பலகையில் நானே எழுதினேன்.

3.

எழுதியதில்தான் வினை.

எங்கள் ஊர்க் குதிரைக்காரர்கள் மெலிந்த குதிரையை மெலிந்தது என்று சொல்லமாட்டார்கள். 'புவர்' என்பார்கள், அதாவது ஏழை. அதே ஆங்கிலச் சொல்தான் 'ஐயோ பாவம்' என்பதற்கும். (இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த மகாராசன் யாரென்று தெரிந்தால் அவனையும் உதைப்பேன்.) உடம்பின் நிலையைச் சொல்வதாக நினைத்து, பலகையில் கெட்டிலின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதினேன். கீழே 'ஓட்ஸ் கூடாது', மூன்று கோடு போட்டு.

நான் எழுதியது மெலிவு. படித்தவர்கள் படித்தது பாவம்.

எனக்கு எழுதத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

4.

பிப்ரவரிக் கடைசியில் விலா மேல் லேசாகச் சதை மூடியது. கூப்பிட்டால் தலையைத் தாழ்த்தி வந்தான். பிறகு ஒரே வாரத்தில் தலைகீழ். காதை மடக்கினான், கதவை உதைத்தான். சனிக்கிழமை காலை மேய்ச்சலுக்கு நடத்திப் போகையில் வேலியில் ஒரு பிளாஸ்டிக் பை படபடத்தது. பின்னங்காலில் எழும்பினான். கயிற்றை விடாமல் பிடித்திருந்த ஹெட்டி கீழே விழுந்தாள்.

மூட்டையைப் பார்த்த கையோடு டெரிக்கைப் பிடித்தேன். டெரிக் ஓய்வுபெற்ற தபால்காரர், தன் கொழுத்த குதிரைக்குத் தினமும் கேரட்டோடு வருகிறவர்.

"மூட்டையில கை வெச்சது யாரு?"

"என்னை ஏன் செல்லம் முறைக்கிற? ஒரே ஒரு குவளைதான். அதுவும் தலைதட்டிதான் போட்டேன்."

"பலகையில என்ன எழுதியிருக்கு?"

"'பாவம்'னு எழுதியிருக்கு. நீதானே எழுதின?"

"ஓட்ஸ் கூடாதுன்னு மூணு கோடு போட்டிருக்கேனே, அது கண்ணுக்குத் தெரியலையா?"

"அது மத்தவங்களுக்குன்னு நினைச்சேன். எல்லாரும் அள்ளிப் போட்டா தாங்குமா? நான் ஒருத்தன் போட்டா என்ன ஆயிடும்?"

இந்த இடத்தில் டெரிக்குக்கு ஒரு திருட்டு முழி வைத்து எழுதினேன். பிறகு அதை அடித்தேன். டெரிக் என்று ஒருவர் கிடையாது. கதைக்கு ஒரே குற்றவாளி இருந்தால் சௌகரியம் என்று ஐந்து பேரைப் பிசைந்து ஒருவராக்கினேன். ஐந்து பேரும் தினமும் ஆளுக்கொரு குவளை, மற்றவருக்குத் தெரியாமல். ஐவரும் அந்தக் குதிரையை நேசித்தார்கள். ஒருவராவது கெட்டவராக இருந்து தொலைத்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

[ஐந்தில் ஒருவர் யார் என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். முதல் தடவை ஒரு வெள்ளிக்கிழமை, கடுங்குளிர், அவன் காலி வாளியை மூக்கால் தள்ளிவிட்டு என்னையே பார்த்தான். ஒரே ஒரு குவளைதான்.]

5.

முடிவு அ: கெட்டில் கொழுத்து, சாந்தமாகி, கண்காட்சியில் ரிப்பன் வாங்குகிறான். அடுப்பில் போட்டேன்.

முடிவு ஆ: ஏப்ரல். டாக்டரம்மாவின் வண்டி வாசலில் நிற்கிறது. ஹெட்டி ஒரு கையால் அவன் கழுத்தை —

எழுதமாட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஹெட்டி போனில் கேட்டது மட்டும் நிஜம். "அவனுக்கு எண்ணெய் ஊத்தினீங்களா? யாரும் அவனை அடிக்கலையே?" தன் தோளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஊத்தினோம்" என்றேன். ஓட்ஸைப் பற்றிச் சொல்லாமலே போனை வைத்தேன்.

6.

இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஏறிய சூடு இறங்க வேண்டும், சதை தங்க வேண்டும். ஆகிற காரியம்தான், யாரும் கை வைக்காமலிருந்தால். பலகையிலிருந்து அந்தச் சொல்லை அழித்துவிட்டேன். புது மூட்டை வந்துவிட்டது. பூட்டில்லை, சினைக் குதிரைக்கு ஆளாளுக்குப் போட வேண்டியிருக்கிறது.

நாங்கள் எல்லோரும் ஹெட்டியைப் பார்க்கப் போகிறோம். தீவன அறையில் நீங்கள் மட்டும். கெட்டில் தன் சக்கையைத் தின்று முடித்துவிட்டான். விலா இன்னும் தெரிகிறது. காலி வாளியை மூக்கால் உங்கள் பக்கம் தள்ளுகிறான். யாரும் பார்க்கவில்லை.

இந்தக் கதையை இதுவரை படித்ததில் ஓர் இடத்திலாவது, மனசுக்குள்ளேயாவது, 'ஐயோ பாவம்' என்றீர்கள் அல்லவா?

குவளையைக் கீழே வையுங்கள்.