அரோல்டோவோடு ஒரு சுற்று

பண்ணை முதலாளி அரோல்டோவுக்குச் சாட்சி சொல்ல நான் ஒத்துக்கொண்டேன் என்று கேள்விப்பட்டதும், என் அண்ணி இவொனெட்டே என் வீட்டு வாசலில் வந்து காறித் துப்பினாள்.

"என் புருஷனைக் கொன்னவனை நல்லவன்னு சொல்லப் போறியா? உனக்கெல்லாம் வெட்கமே கிடையாதாடி?"

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். என் மனசிலிருந்த திட்டத்தைச் சொன்னால் அண்ணி ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள்.

என் அண்ணன் அடெனில்சன் என்ன குற்றம் செய்தான்? காட்டை வெட்ட அரோல்டோவின் ரம்பங்கள் வந்த அன்று, ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கிற எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் மரங்களுக்கு முன்னால் நின்றான். காட்டை அழித்தால் மழை போய்விடும், உலகமே வெந்து சாகும் என்று எங்கள் ஆக்ரே மாநிலம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினான். மறுவாரமே சுட்டுப் போட்டார்கள். ஆளை அனுப்பியது யார் என்று போலீசுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லையாம். அண்ணனைப் புதைத்த இடத்தைச் சுற்றியிருந்த காட்டைக் கொளுத்தி, அரோல்டோ அங்கே மாடு மேய விட்டான். பாவி.

இப்போது அதே பாவி காட்டைக் காப்பாற்றுகிறவனாம். உலகம் சூடேறாமல் இருக்க, நிற்கிற காட்டுக்குப் பணம் கொடுக்கும் கம்பெனி ஒன்று சாவ் பாவ்லோவிலிருந்து ஆள் அனுப்புகிறது. ரோட்டோரம் மிச்சம் வைத்திருக்கும் காட்டைக் காட்டி அவன் கையெழுத்து வாங்கிவிட்டால், நிலம் மொத்தமும் அவனுக்கே உறுதியாகிவிடும். பிறகு எங்களை விரட்ட அவனுக்கு ஒரு நாள் போதும்.

"உங்க பால்வெட்டுப் பாதையில அவங்களை ஒரு நடை கூட்டிட்டுப் போ, சுலெய்டே," என்றான் அரோல்டோ என்னிடம். "முதலாளி காட்டைக் கண்ணா பாத்துக்கிறார்னு சொல்லு. சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம்."

"சரிங்க முதலாளி. எங்க அண்ணன் போட்ட பாதையிலேயே போவோம்."

காட்டை விமானத்திலிருந்து பார்த்தவனுக்கு எங்கள் பாதையைப் பற்றி என்ன தெரியும்? போன வழியே திரும்புவது எங்கள் வழக்கமில்லை. மரத்துக்கு மரம் கீறிக் கிண்ணம் மாட்டிக்கொண்டே பெரிய வட்டமாகச் சுற்றி, வீட்டுக்குப் பின்பக்கம் வந்து சேருவோம். ரோட்டோரக் காட்டில் இருந்தது அந்த வட்டத்தில் பாதிதான்.

கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு கேமராக்காரனும் வந்திருந்தார்கள். "வெளியில அடுப்புல நிக்கிற மாதிரி இருந்துச்சு. இங்க என்ன குளுமை," என்றாள் அவள்.

"எல்லாம் நான் வளர்த்ததும்மா," என்றான் அரோல்டோ. அவன் தாத்தா பிறக்கும் முன்பே நின்ற மரங்கள் அவை.

கொஞ்ச தூரத்தில் மரங்களுக்கிடையே வெயில் தெரிந்தது. அவன் முகம் மாறிவிட்டது.

"போதும், திரும்பு."

"நம்ம பாதை திரும்பாதுங்க முதலாளி, சுத்தித்தான் வரும்."

"திரும்புடின்னா," என்று பல்லைக் கடித்தான்.

"வாங்கம்மா, எங்க மரங்கள்ல மீதிப் பாதி அந்தப் பக்கம்தான்," என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நடந்தேன்.

கரிக்கட்டையாக நின்ற மரங்களில் எங்கள் தகரக் கிண்ணங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே அரோல்டோவின் அடையாளச் சூடு போட்ட மாடுகள் மேய்ந்தன. நடுவில் ஒரு சிலுவை நின்றது.

"மின்னல் விழுந்து எரிஞ்சதும்மா," என்றான்.

"வேலி போட்டு மாடு வாங்கி விட்டதும் மின்னல்தானா முதலாளி?"

அந்தப் பெண் சிலுவையைக் காட்டினாள். "இது யாரு?"

"எங்க அண்ணன். மரத்தை வெட்டாதேன்னு சொன்னான். இவரு ஆளுங்க சுட்டுட்டாங்க."

"பைத்தியம். இவ பேச்சைக் கேக்காதீங்க," என்று அவன் நகரப் பார்த்தான். நான் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துச் சிலுவைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கேமராக்காரன் படம் எடுத்தான். அரோல்டோ கையை உதறி இழுத்தான்; நான் விடவில்லை. அவனை அங்கே பிடித்து நிறுத்தியது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கையெழுத்து விழவில்லை. படம் நாடு முழுக்கப் போனது. ரோட்டோரக் காட்டில் இனி யாரும் ரம்பம் வைக்கக்கூடாது என்று கோர்ட்டும் தடை போட்டது.

தடை வந்த அன்று இவொனெட்டே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இப்பவாவது மனசு ஆறிச்சாடி?"

"இல்ல அண்ணி," என்றேன். "அவன் இன்னும் மூச்சு விடுறானே."